கறி நாறிய பந்தி

கறி கெட்டுப்போயிருந்தது. பந்தியில் உட்கார்ந்த எல்லாருக்கும் அது தெரியும். தெரிந்தேதான் சாப்பிட்டார்கள். சிலர் இன்னொரு கரண்டி கேட்டும் வாங்கினார்கள். அந்தக் கேட்டு வாங்கிய குரல்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் குமட்டுகிறது.

என் மாமனாரின் அண்ணனைக் குடும்பத்தில் பெரியவர் என்றுதான் சொல்வார்கள். எனக்குப் பெரிய மாமா. வீடு போடியில். போடிமெட்டைத் தாண்டி, பாதை கேரளத்துப் பக்கம் இறங்கத் தொடங்கும் சரிவில் அவருக்கு ஏலத்தோட்டம். ஒரு பிடி காயை உள்ளங்கையில் கசக்கி முகர்ந்தால் அது எந்தச் சரிவில் விளைந்தது என்று சொல்லிவிடுவார் என்று அவரைப் பற்றிப் பெருமையாகப் பேசிக்கொள்வார்கள். வருஷா வருஷம் காய் எடுப்பு தொடங்குமுன் தோட்டத்தின் காவல் சாமிக்குப் பொங்கல் வைத்து, கிடா வெட்டி, சொந்தக்காரர்களுக்கெல்லாம் சோறு போடுவார். சிலமலை, ராசிங்காபுரம், தேவாரம் என்று எங்கிருந்தும் ஆட்கள் வருவார்கள். வராமல் இருந்தால் ஏன் வரவில்லை என்ற பேச்சு ஒரு வருஷத்துக்கு ஓடும்.

நான் தேவாரத்துக்காரி. சிலமலையில் வாழ்க்கைப்பட்டு அப்போது ஒரு வருஷம்கூட நிறையவில்லை. போடியில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். வயிற்றில் மூன்று மாதம்.

வழக்கமாகக் கிடாயை மேலே ஓட்டிக்கொண்டுபோய்த்தான் வெட்டுவார்கள். அந்த வருஷம் மலையில் விடாத மழை. நனைந்துகொண்டு உரிக்க முடியாது என்று பெரியவரின் மகன் சொன்னார். அதனால் முந்தின நாள் சாயங்காலமே போடியில் வெட்டித் துண்டுபோட்டு, நீல நிறப் பிளாஸ்டிக் டிரம்களில் அடைத்து வைத்துவிட்டார்கள். சாமிக்கு மேலே ஒரு சேவல் போதும் என்று ஏற்பாடு. பெரியவரும் நாங்களும் வந்த வேன் காலையிலேயே தோட்டம் போய்ச் சேர்ந்துவிட்டது. பின்னால் கிளம்பிய கறி ஜீப்பு மலையடிவாரத்து முந்தல் கிராமத்தில் மாட்டிக்கொண்டது. நாங்கள் கடந்த பிறகு பாதையில் மண் சரிந்திருக்கிறது. பொக்லைன் வந்து அள்ளும்வரை ஒரு வண்டியையும் விடவில்லை. மேலேதான் மழை, அடிவாரத்தில் வெயில் கொளுத்தியது. அந்த வெயிலில், மூடி இறுக்கிய டிரம்மில், அந்தக் கறி அரை நாள் நின்றது. ஜீப்பு தோட்டத்துக்கு வந்தபோது மத்தியானம் தாண்டிவிட்டது.

அடுப்புக்குப் பக்கத்தில் சாக்கு விரித்து நாங்கள் சில பெண்கள் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். சமையல்காரர் முதல் டிரம்மின் மூடியைத் திறந்தார். திறந்த வேகத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எங்கள் பக்கம் அந்த வாடை வந்ததும் வெங்காயம் உரித்த கைகள் ஒரு கணம் நின்றன. பிறகு எல்லாக் கைகளும் முன்னைவிட வேகமாக உரித்தன.

"அய்யா, கொஞ்சம் வந்து பாத்துருங்க" என்றார் சமையல்காரர்.

பெரியவர் வந்தார். டிரம்முக்குள் தலையை விடுகிற மாதிரி குனிந்தார். நிமிர்ந்தார்.

"ஏன், நல்லாத்தான இருக்கு?"

"வெயில்ல நின்னுருக்குங்கய்யா. அதான் ஒரு வார்த்தை..."

"வெந்தா எல்லாம் சரியாப்போகும். வெரசா ஆகட்டும்ப்பா, சனம் பசியில கெடக்கு."

சமையல்காரர் பெரியவரின் மகனைப் பார்த்தார். மகன் கையிலிருந்த செல்போனைப் பார்த்தார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. கறியை மஞ்சள் போட்டுக் கழுவினார்கள், மறுபடி கழுவினார்கள். கொழகொழவென்று சாம்பல் நிறத்தில் வழிந்த தண்ணீர் ஏலச்செடிகளின் காலடியில் போய்த் தேங்கியது. சமையல்காரர் பட்டை, கிராம்பு அள்ளிப் போட்டார். தோட்டத்து ஏலக்காயை இரண்டு கையாலும் அள்ளிப் போட்டார். கொதி வந்ததும் ஏலக்காய் மணத்துக்கு அடியில் அந்த இன்னொரு மணம் வந்தது. இனிப்பாக, கனமாக, தொண்டைக்குள் ஒட்டிக்கொள்கிற மாதிரி. செத்த எலி கிடக்கும் அறையில் ஊதுபத்தி கொளுத்தினால் எப்படி இருக்குமோ அப்படி.

பக்கத்தில் இருந்த என் மாமியாரிடம், "அத்தை, கறி ஒரு மாதிரி அடிக்குதுல்ல?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"உனக்கு இப்ப எல்லாந்தான் அடிக்கும். புள்ளத்தாச்சி மூக்கு."

நான் அடுத்த வெங்காயத்தை எடுத்தேன். அவர் சொன்னதில் உண்மை இருந்தது. அந்த நாட்களில் எனக்குச் சோப்பு வாசனைகூட ஆகவில்லை.

தகரக் கொட்டகையில் பந்தி விரித்தார்கள். முதல் வரிசையில் ஆண்களும், எதிர் வரிசையில் பெண்களும். முதல் இலையில் பெரியவரின் சம்பந்தி உட்கார்ந்தார். தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், எல்லாருக்கும் அவர் சார். குழம்பு ஊற்றியதும் பெரியவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அவர் எதிரில் வந்து நின்றார்.

"சார், எப்படி? கறி நல்லா இருக்கா?"

சார் ஒரு துண்டை வாயில் போட்டு மென்றார். அவர் தாடை ஒரு நொடி நின்றதை நான் பார்த்தேன். பிறகு விழுங்கினார்.

"நல்லா இருக்குங்க. என்னா வாசம்! நம்ம தோட்டத்துக் காயில்ல?"

அடுத்த இலைக்காரரைப் பெரியவர் பார்த்தார். "நல்லா இருக்குண்ணே. காய் வாசம் தூக்குது." அதற்கடுத்தவர், "ஆமாண்ணே, வாசந்தான்." தீயணைக்கிறவர்கள் கைமாற்றும் வாளி மாதிரி அந்த வார்த்தை இலைக்கு இலை போனது. யாரும் புதிதாக ஒரு சொல்கூடச் சேர்க்கவில்லை. வாசம், வாசம், வாசம். என் கணவரின் முறையும் வந்தது. அவர் பால் லேசாகத் திரிந்திருந்தாலே டம்ளரை நகர்த்தி வைக்கிறவர். மீனில் பொட்டு வாடை வந்தால் தட்டோடு எழுந்துவிடுவார். "நல்லா இருக்கு பெரியப்பா" என்றார். சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தார்.

பெண்கள் வரிசையில் நடந்ததுதான் எனக்கு இன்னும் அருவருப்பு. பிள்ளைகளை மடியிலும் பக்கத்திலும் வைத்திருந்த தாய்மார்கள் அவர்களின் இலையிலிருந்து கறியை எடுத்துத் தங்கள் இலையில் போட்டுக்கொண்டார்கள். "காரம்டா தங்கம், உனக்கு ஆகாது. தயிர் ஊத்திச் சாப்பிடு." ஒருத்தி செய்தாள், அடுத்தவள் பார்த்தாள், அவளும் செய்தாள். எந்தப் பிள்ளையின் இலையிலும் ஒரு துண்டு தங்கவில்லை. பிள்ளைகளுக்குக் கூடாது என்று எடுத்த துண்டுகளை அவர்கள் தாங்களே தின்றார்கள். தின்றுகொண்டே எதிர்வரிசையைப் பார்த்து, "ஆமா, நல்ல வாசம்" என்றார்கள்.

அதற்குமேல் எனக்கு முடியவில்லை. எழுந்து ஓடி, கொட்டகைக்குப் பின்னால் மரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன். உள்ளே பெரிய சிரிப்பு எழுந்தது. கறி வந்ததிலிருந்து யாரும் அப்படி வாய்விட்டுச் சிரிக்கவில்லை. எல்லாரும் எதற்கோ காத்திருந்தது போலவும், நான் அதைக் கொடுத்துவிட்டது போலவும் இருந்தது.

"மசக்கைக்காரிய மலைக்குக் கூட்டியாந்தா இப்படித்தான்."

"மாப்ளே, பொம்பளப் புள்ளதான் போ!"

மாமியார் தன் இலையோடு என் பின்னால் வந்தார். ஒரு கவளத்தில் கறியை வைத்து உருட்டி, கொட்டகையில் இருப்பவர்களுக்கும் கேட்கிற மாதிரி, "வெறும் வயித்தோட இருக்கக் கூடாது ஆத்தா, ஒரு வாய் வாங்கிக்க" என்றார். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். அவர் கிட்டே வந்து, உதடு அசையாமல் சொன்னார்.

"நாறுதுன்னு எனக்குத் தெரியாதாடி? இத்தன பேரு திங்கிறாக. நீ ஒருத்தி மட்டும் மானத்த வாங்காத. முழுங்கு."

அவர் வாயிலிருந்தும் அதே வாடை வந்தது. நான் தலையை ஆட்டி மறுத்தேன். கவளம் என் உதட்டில் பட்டு, முகவாயில் தேய்ந்து, சேலையில் விழுந்தது. அவர் இலையைச் சுருட்டிக்கொண்டு திரும்பிப் போனார். "அவளுக்கு எறங்கலையாம்" என்று சிரித்தபடி எல்லாருக்கும் சொன்னார்.

பந்தி முடிந்து கறி மிஞ்சியது. தோட்டத்து வேலைக்காரர்கள் தங்கியிருந்த லயத்துக்குக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார்கள். அவர்கள் குடும்பங்களில் கைக்குழந்தைகளும் உண்டு. ஒரு பெரிய எவர்சில்வர் வாளியில் நிரப்பிப் படியோரம் வைத்திருந்தார்கள். நான் அதன் அருகில் போனேன். சத்தமாக "இது கெட்டுப்போச்சு" என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. பந்தியில் எனக்குக் கொடுத்திருந்த மசக்கை என்ற சாக்கையே எடுத்துக்கொண்டேன். தலை சுற்றுகிற மாதிரி தள்ளாடி, வாளியின் மேலேயே சாய்ந்தேன். வாளி உருண்டு மொத்தமும் படியில் கொட்டிச் சேற்றில் இறங்கியது. என் சேலை முழங்கால்வரை குழம்பு.

யாராவது திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒருவரும் திட்டவில்லை. "போனாப் போகுது, புள்ளைக்கு ஒண்ணுமில்லல்ல?" என்றார்கள். வேலைக்காரர்களை மேய்க்கும் கங்காணி ஓடிவந்து மண்வெட்டியால் மண்ணை இழுத்து மூடினார். சுற்றி நின்றவர்களின் முகங்களில் அப்படி ஒரு நிம்மதி. அவர்கள் எல்லாருக்கும் தெரியும் என்பது அந்த நிம்மதியைப் பார்த்த பிறகுதான் எனக்குச் சந்தேகமில்லாமல் உறுதியானது.

சாயங்காலம் வேன் இறங்கத் தொடங்கியது. மூன்றாவது கொண்டை ஊசி வளைவிலேயே முதல் ஆள் வண்டியை நிறுத்தச் சொன்னார். அடுத்த வளைவில் இரண்டு பேர். பிறகு வளைவுக்கு வளைவு வண்டி நின்றது. பாதையோரச் சுவரைப் பிடித்துக்கொண்டு வரிசையாகக் குனிந்து நின்றார்கள். சாரும் குனிந்தார், என் கணவரும் குனிந்தார்.

"எறக்கம்ல, அதான் பெரட்டுது."

"டிரைவரண்ணே, கொஞ்சம் மெதுவா ஓட்டுங்க."

டிரைவர் பாவம், தன் மேல் விழுந்த பழியை வாங்கிக்கொண்டு இன்னும் மெதுவாக ஓட்டினார். கறி என்ற சொல்லை வண்டிக்குள் ஒருவரும் உச்சரிக்கவில்லை. வாந்தி படிந்த துண்டுகளும், அந்தப் புளித்த நாற்றமும், அதற்குள்ளும் லேசாக ஏலக்காயும். ஜன்னலோரம் மூக்கைச் சேலையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காலையில் பட்டுவேட்டியும் நகையுமாக வந்த மனிதர்கள் இவர்கள். இவர்கள் சுத்தபத்தமானவர்கள் என்றுதான் என் வீட்டில் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள்.

மறுநாள் காலையில் போடியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் ஒரே ஹாலில் எங்கள் சொந்தக்காரர்கள் பலர் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு படுத்திருந்தார்கள். என் கணவரையும் மாமியாரையும் நான்தான் கொண்டுபோய்ச் சேர்த்தேன். டாக்டர் சின்ன வயசுப் பெண். கட்டில் கட்டிலாகப் போய், "நேத்து என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டார். ஒருவர் தண்ணி மாறிவிட்டது என்றார். ஒருவர் மழையில் நனைந்தது சேரவில்லை என்றார். இன்னொருவர் பயணச் சூடு என்றார். பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்துக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் சொன்னார்கள்.

நான் டாக்டரிடம், "எல்லாரும் ஒரே பந்தியில கறி சாப்பிட்டாங்க மேடம். கறி கெட்டுப்போயிருந்துச்சு" என்றேன்.

கையில் ஊசி குத்தியிருந்த என் மாமியார் தலையைத் தூக்கினார்.

"டாக்டரம்மா, அவ அந்தக் கறிய வாயிலயே வைக்கல. அவளுக்கு என்ன தெரியும்?"

ஹாலில் இரண்டு மூன்று பேர் ஆமாம் என்று முனகினார்கள். டாக்டர் என்னையும் அவர்களையும் பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

எல்லாரும் பிழைத்துவிட்டார்கள். அதன் பிறகுதான் தனித்தனியாக என்னிடம் வரத் தொடங்கினார்கள். கடைத்தெருவில், பஸ்சு நிற்கும் இடத்தில், பள்ளிக்கூட வாசலில். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, ஏதோ நல்ல செய்தி சொல்கிற மாதிரி, "எனக்கும் அன்னைக்கே தெரியும்" என்பார்கள். ஒவ்வொருவரும் தன் மூக்கு மட்டும்தான் கண்டுபிடித்தது என்று நம்பினார்கள். நான் அதைப் பாராட்ட வேண்டும் என்றுகூட எதிர்பார்த்தார்கள். கெட்ட கறியைவிட இந்த ரகசியக் குசுகுசுப்பு எனக்குக் கேவலமாக இருந்தது.

சாரும் வந்தார். பேத்தியை எங்கள் பள்ளிக்கு விட வந்தவர் என்னைப் பார்த்து நின்றார்.

"மொத வாயிலயே எனக்குத் தெரிஞ்சிருச்சும்மா."

"அப்புறம் ஏன் சார் நல்லா இருக்குன்னீங்க?"

"அவரு என்னைப் பாத்துக் கேட்டாரும்மா. எதிர்ல நின்னு கேக்கிறப்போ என்னன்னு சொல்றது?"

"நீங்க சொன்னதாலதான சார் மத்தவங்களும் சொன்னாங்க?"

அவர், "அவங்களுக்கு மூக்கு இல்லையா?" என்று கேட்டுவிட்டுப் பேத்தியின் பையை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

என் கணவரின் பதில் வேறு மாதிரி இருந்தது. அவரை நான் விடாமல் கேட்டேன். ஒருநாள் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது சொன்னார்: "மொதல்ல நாறுனது நெசந்தான். ஆனா எனக்கு முன்னாடி எட்டு பேரு வாசம் வாசம்னாக. சார் சொல்றாரு, பெரியப்பா குனிஞ்சு மோந்து பாத்தாரு. அப்ப எனக்குத்தான் சளி கிளி பிடிச்சு மூக்குல ஏதோ கோளாறுன்னு நெனச்சேன். நெசமா அப்படித்தான் நெனச்சேன்."

"வாந்தி எடுத்தேனே, அப்பவும் தோணலையா?"

"மசக்கைன்னாகளே."

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. சார் பயந்து விழுங்கினார். இவரோ தன் மூக்கையே அடுத்தவர்களிடம் கொடுத்துவிட்டுச் சாப்பிட்டிருக்கிறார். இரண்டில் எது மோசம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் பல மாதங்கள் அவர் தொட்டுப் பேசினால்கூட எனக்கு உடம்பு சுருங்கியது.

ஏழாம் மாதத்தில் பெரியத்தை என்னைப் பார்க்க வந்தார். பெரியவரின் மனைவி. அதிகம் பேசாதவர். நானே எடுத்தேன்.

"பெரியத்தை, அன்னைக்கி உங்களுக்கும் தெரியுமில்ல?"

"கழுவுனதே நாந்தான ஆத்தா" என்றார். "ஒரே ஒரு ஆள் எலைய மூடியிருந்தாப் போதும். அதச் சாக்கா வச்சு அடுப்ப அணைச்சுட்டு, சேவக்கறியும் ரசமும் போட்டிருப்பேன். ஒவ்வொரு எலையாப் பாத்துக்கிட்டே நின்னேன். எவனும் மூடல."

"நீங்களே பெரிய மாமாகிட்டச் சொல்லியிருக்கலாமே?"

அவர் எழுந்து வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார். பிறகு சொன்னார்.

"அவருக்கு மோப்பம் இல்ல. கொரோனா வந்து பொழைச்சாருல்ல, அதுலேருந்து மூக்குல ஒரு வாசமும் தெரியாது. நாக்குலயும் முக்காவாசி போச்சு. ஏலக்காய் யாவாரிக்கு மூக்கு போச்சுன்னு வெளிய தெரிஞ்சா சந்தையில மதிப்பானா? மகனுக்குக்கூடத் தெரியாது. அன்னைக்கி ஒவ்வொருத்தர் முன்னாடியும் போயி நின்னு கேட்டாரே, அவருக்குத் தெரியாமத்தான் ஆத்தா கேட்டாரு. எல்லாரும் நல்லா இருக்குன்னதும் சந்தோசமா வந்து அவரும் உக்காந்து சாப்பிட்டாரு. நாலு நாள் படுக்கையில கெடந்தாரு."

பெரியவர் அதட்டிச் சாப்பிட வைத்தார் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அவருக்குப் பயந்துதான் எல்லாரும் வாயடைத்துக் கிடந்தார்கள் என்றால், பயப்பட அங்கே எதுவும் இருக்கவில்லை. அவர் கேட்டது நிஜமான கேள்வி. அந்த இடத்திலேயே உண்மை தெரியாத ஒரே ஆள் அவர்தான். நாற்பது மூக்குகள் சேர்ந்து அவருக்கு விஷத்தை ஊட்டியிருக்கின்றன, மரியாதை என்ற பெயரில்.

"நீங்க அவருகிட்டச் சொல்லலையே?" என்றேன்.

"நல்லா இருக்குன்னு அவரே மோந்து சொல்லிட்டாரு. அத்தன பேரு முன்னாடி நாறுதுன்னு சொல்லி, அவருக்கு மூக்கில்லன்னு நான் எப்படிக் காட்டிக்கொடுக்க? வீட்டுக்காரி நானு."

யாரிடமும் சொல்லக் கூடாது என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் சரி என்றேன். பெரிய மாமா உயிரோடு இருந்தவரை சொல்லவும் இல்லை.

எனக்கு ஆண் பிள்ளை பிறந்தது. அடுத்த வருஷமும் தோட்டத்துப் பொங்கலுக்கு அழைப்பு வந்தது. கிடாயைக் கீழே வெட்டியதால்தான் சாமிக்கு ஆகவில்லை, அதனால்தான் எல்லாருக்கும் வயிறு கெட்டது என்று இதற்குள் ஒரு கதை உருவாகி, அதையும் எல்லாரும் ஒரே மாதிரி சொல்லத் தொடங்கியிருந்தார்கள். இந்தத் தடவை மேலேதான் வெட்டு என்றார்கள். நான் வரவில்லை என்று சொன்னேன்.

"எல்லாரும் போறோம்" என்றார் மாமியார்.

"போய்ட்டு வாங்கத்தை."

"என்ன காரணம்னு சொல்றது?"

"வரப் பிடிக்கலைன்னு சொல்லுங்க."

அவர் என் கணவரைப் பார்த்தார். என் கணவர், "கைப்புள்ளைக்கி மலைக்குளிர் ஆகாதுன்னு சொல்லிக்கிருவோம்" என்றார். அப்படியே சொல்லிக்கொண்டார்கள்.

வீட்டில் ரசம் வைத்துச் சாப்பிட்டேன். பிள்ளையைக் குளிப்பாட்டித் தூங்க வைத்தேன். பொழுது சாயும் நேரத்தில் அவர்கள் வந்து சேர்ந்தார்கள். யாருக்கும் ஒன்றும் இல்லை. மாமியார் எனக்கென்று ஒரு தூக்குச் சட்டியில் கறிக்குழம்பு கொண்டுவந்திருந்தார்.

"இந்தத் தடவ கறி எப்படி இருந்துச்சு அத்தை?"

"நல்லா இருக்குன்னாகளே எல்லாரும்" என்றார்.

"நீங்க சாப்பிட்டீங்கல்ல, உங்களுக்கு எப்படி இருந்துச்சு?"

நான் என்ன கேட்கிறேன் என்று அவருக்குப் புரியவில்லை. "அதான் சொன்னேன்ல" என்று சொல்லிவிட்டுக் கால் கழுவப் போனார். நான் அடுப்படியில் தூக்குச் சட்டியைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். கறி நன்றாகத்தான் இருந்தது. பஞ்சு மாதிரி வெந்திருந்தது, மசாலா சரியாகச் சேர்ந்திருந்தது. ஒரு துண்டை வாயில் வைத்தேன். எனக்கு இறங்கவில்லை. துப்பிவிட்டு, சட்டியை மூடி, என் கணவருக்கு எடுத்து வைத்தேன்.